ஓடும் நீரின் சாட்சிகள்

ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுவது தூய்மை பற்றிய பாடம். அப்பாடத்தின் வாயிலிலேயே நீரின் வகைகள் பேசப்படுகின்றன. தானும் தூயதாய்ப் பிறவற்றையும் தூய்மைப்படுத்தும் நீர், தான் தூயதேனும் பிறவற்றைத் தூய்மைப்படுத்த உதவாத நீர், அசுத்தமடைந்த நீர் எனச் சட்ட அறிஞர்கள் அதனைப் பகுத்தனர். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் அவர்கள் கைக்கொண்ட அளவுகோல்கள். நீரின் அளவும் கணக்கில் கொள்ளப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் என்னும் கொள்ளளவும், ஹனஃபீ மத்ஹபின் பிற்கால நூல்களில் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்னும் பரப்பளவும் எல்லையாகக் கூறப்பட்டன. நம் பள்ளிவாசல்களின் பழைய ஹவுள்கள் பலவும் இக்கணக்கை மனத்திற் கொண்டு கட்டப்பட்டவையே.

இவ்வகைப்பாட்டில் இரண்டு செய்திகள் இன்றைய நீரியல் கற்போரையும் நின்று நோக்க வைக்கும். முதலாவது, நீரின் தரம் என்பது அதன் பயனைப் பொறுத்தது என்னும் தெளிவு. குடிக்கத் தகுந்த பன்னீர் உளூவுக்கு உதவாது; உளூவுக்குத் தகுந்த கடல்நீர் குடிக்க உதவாது. இரண்டாவது, இயல்பான மாற்றத்தையும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த கேட்டையும் பிரித்தறியும் நுட்பம். மண் கலந்தோ, பாசி படிந்தோ, நெடுநாள் தங்கியோ நீர் நிறம் மாறினால் அம்மாற்றம் அதன் தூய்மையைக் கெடுப்பதில்லை என்றனர். அவை நீரிலிருந்து விலக்க முடியாதவை. ஓடும் குருதியற்ற சிற்றுயிர்கள் நீரில் இறந்து கிடப்பதையும் பொதுவாகப் பொறுத்துக்கொண்டனர்.

ஆயினும் தூய்மைப் பாடத்தின் நோக்கம் மனிதனின் வணக்கமும் பயன்பாடும் ஆகும். ஓர் ஓடை தன்னுள் வாழும் உயிர்களைத் தாங்கவல்லதா என்பது வேறொரு வினா. இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மீன் துள்ளும் ஆற்றில் வாந்திபேதிக் கிருமிகள் நிறைந்திருக்கலாம். மனிதனைத் துன்புறுத்தும் குடற்கிருமிகள் மீனை ஒன்றும் செய்வதில்லை. மறுதலையாக, வயலிலிருந்து வழிந்த பூச்சிக்கொல்லி கலந்த நீர் பளிங்குபோல் தெளிந்து, நிறமும் மணமும் மாறாமல், ஒரு கிருமியும் இன்றி இருந்துகொண்டே உள்ளிருக்கும் உயிரனைத்தையும் கொன்றிருக்கலாம். புலன்களுக்கு எட்டாதவற்றைத் துறை வல்லுநரிடம் கேட்டறிவது நம் மரபுக்குப் புறம்பானதும் அன்று. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பற்றி 1978ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் அவை முடிவு கூறியபோது, பொறியியல் வல்லுநர்களின் கருத்தைப் பெற்ற பின்னரே அதைச் செய்தது.

நீர்வாழ் உயிர்களின் பக்கம் நின்று ஓர் ஆற்றை மதிப்பிடுவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நம் வாசகர்களில் பலர் அன்றாடம் பருகும் தாமிரபரணியையே எடுத்துக்கொள்வோம்.

பொதிகையில் தோன்றி, பாணதீர்த்தம் அருவியாய் வீழ்ந்து, காரையாறு அணையில் தேங்கி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியே ஓடிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இவ்வாற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். தமிழகத்திலேயே பிறந்து தமிழகத்திலேயே கடலடையும் வற்றாத ஆறு என்பது இதன் பெருமை. மேலப்பாளையத்தின் ஊடே செல்லும் பாளையங்கால்வாய் இதன் நீரைக் கொண்டதே. கழிமுகத்துக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்துக்குக் குடிநீரும் இதிலிருந்தே செல்கிறது. இவ்வளவு குறுகிய தொலைவில் மலை ஓடை, அணை, வயற்பரப்பு, பெருநகரம், கழிமுகம் ஆகிய அனைத்தையும் கடந்துவிடுவதால், நீர்த்தர ஆய்வைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது. அப்பாடநூலின் நடுப்பக்கங்கள் கறைபட்டுக் கிடக்கின்றன என்பதும் ஊரறிந்ததே. நகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது தொடர்பான வழக்கில், 2024 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகளே திருநெல்வேலிக்கு வந்து கலக்கும் இடங்களைப் பார்வையிட நேர்ந்தது.

மூச்சின் கணக்கு

நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனே முதற்கண் அளக்கப்படுவது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். நீரிலோ அது மிகச் சொற்பம். தூய நீர் தாங்கக்கூடிய உச்ச அளவு, வெப்பம் சுழியமாக இருக்கும்போது லிட்டருக்கு 14.6 மில்லிகிராம். 20 பாகை செல்சியஸில் அது 9.1 ஆகவும், 30 பாகையில் 7.6 ஆகவும் குறைந்துவிடுகிறது. வெப்பநாட்டு ஆறு பிறவியிலேயே குறைந்த மூச்சுடையது என்பது இதன் பொருள். மேலும், வெப்பம் ஏற ஏற மீனின் உடலியக்கமும் விரைவுபட்டு அதன் தேவை கூடுகிறது. வரவு சுருங்கும் வேளையில் செலவு பெருகும் குடும்பத்தின் நிலைதான் சித்திரை மாதத்துத் தாமிரபரணி மீனின் நிலை. குளிர்நாட்டு ஆறு பொறுத்துக்கொள்ளும் கழிவை நம் ஆறும் பொறுக்கும் என்று கருதுவது தவறு.

இதனை அளக்கும் முறையை ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் வகுத்தார். இன்றும் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது அதன் திருத்திய வடிவமே. காற்றுக்குமிழி புகாதபடி கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் கரையிலேயே சேர்த்து ஆக்ஸிஜனைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். புட்டியை அப்படியே பேருந்தில் குலுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, மாலையில் அளந்தால் கிடைப்பது ஆற்றின் கணக்கன்று, புட்டியின் கணக்கு. இப்போது மின்முனைக் கருவிகள் நொடியில் எண்ணைக் காட்டிவிடுகின்றன. ஆனால் கருவி எதுவாயினும் எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதைக் கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

ஏனெனில் ஆற்றின் ஆக்ஸிஜன் நாள்முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதனை நுகர்கின்றன. எனவே நண்பகலுக்குப் பின் உச்சமும், சுபுஹு வேளையை ஒட்டி நீசமும் ஏற்படும். கழிவுநீரின் சத்தால் பாசி கொழுத்த தேக்கங்களில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தால் நீர் மீறிய நிறைவு காட்டும். அதே இடத்தில் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அலுவலர்கள் வருவது பெரும்பாலும் அலுவலக நேரத்தில். மீன் சாவது அதற்கு முன்பே.

அடுத்தது உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை எனப்படும் அளவு. நீரிலுள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனை உண்கின்றன என்பதை இது கூறும். மூடிய புட்டியில் நீரை இருட்டில் வைத்து, முதல் நாளும் இறுதி நாளும் ஆக்ஸிஜனை அளந்து வேறுபாடு காண்பதே முறை. பிரிட்டனின் கழிவுநீர் பற்றிய அரச ஆணையம் 1912ஆம் ஆண்டு அறிக்கையில் இதனை நிலைநாட்டியது. அங்கே ஐந்து நாள் கணக்கு. அந்நாட்டு ஆறுகளின் நீர் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அவ்வாணையத்தின் பட்டியலில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் தேவையுள்ள ஆறு மிகத் தூயது, 3 ஓரளவு தூயது, 5 ஐயத்துக்குரியது, 10 கெட்டது. நம் நாட்டுத் தரக்குறிப்பு வெப்பத்தைக் கருதி 27 பாகையில் மூன்று நாள் எனச் சோதனையை மாற்றி அமைத்துக்கொண்டது. ஓர் ஊரின் தட்பவெப்பத்துக்கென வகுத்த அளவுகோலை வேறோர் ஊருக்கு அப்படியே தூக்கிச் செல்லாமல் திருத்திக்கொண்ட நல்ல முன்மாதிரி இது. ஏனைய அளவுகோல்களில் இந்தக் கவனம் காட்டப்படவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கழிவு கலக்குமிடத்தில் நீரெடுத்து ஆக்ஸிஜன் ஓரளவு இருப்பதைக் கண்டு ஆறு தாங்கிக்கொண்டது என முடிவு செய்வோரும் உண்டு. ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்னும் இரு அமெரிக்கர் 1925இல் வெளியிட்ட கணக்கு இதனை மறுக்கிறது. கழிவு சேர்ந்தவுடன் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன. அவை பெருகப் பெருக ஆக்ஸிஜன் படிப்படியாகச் சரிகிறது. காற்றிலிருந்து புதிய ஆக்ஸிஜன் கரைந்து சேர்வதும் உடன் நிகழ்கிறது. செலவும் வரவும் சமமாகும் இடத்தில்தான் சரிவின் அடித்தளம். அவ்விடம் கழிவுநீர் வாய்க்காலின் முகத்தில் இல்லை. நீரோட்டத்தின் வேகத்தைப் பொறுத்து அதற்குக் கீழே பல கிலோமீட்டர் தள்ளி அமையும். நகரத்தின் குற்றத்துக்குரிய தண்டனையைக் கீழ்க்கரை ஊர் அனுபவிப்பது இவ்வாறே. திருநெல்வேலியின் கழிவை அளக்க விரும்புவோர் திருநெல்வேலியில் மட்டும் நின்றால் போதாது. சீவலப்பேரிக்கும் அதற்குக் கீழும் செல்ல வேண்டும்.

அம்மோனியா பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும், ஏனெனில் சட்டத்தின் குறை இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. கழிவுநீரிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இருவேறு வடிவங்களில் நிற்கிறது. மின்னூட்டம் பெற்ற வடிவம் பெரும்பாலும் தீங்கற்றது. மின்னூட்டமற்ற வடிவம் செவுள் வழியே எளிதில் உட்புகும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் கார அமிலத்தன்மையும் வெப்பமும் ஆகும். 25 பாகையில் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து. 9 ஆனால் நூற்றுக்கு முப்பத்தாறு. பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் பி.எச். ஏறும் என்பதை நினைவிற் கொண்டால், அதே நீர் விடியலில் மூச்சுத் திணறலாலும் மாலையில் நஞ்சாலும் மீனை வருத்தும் விந்தை புலப்படும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி ஐந்து பிரிவுகளாக வகுத்துள்ளது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்தது ‘ஏ’. குளிக்கத் தகுந்தது ‘பி’. முறையான சுத்திகரிப்புக்குப் பின் குடிக்கத் தகுந்தது ‘சி’. வனவிலங்குக்கும் மீன்வளத்துக்கும் உரியது ‘டி’. பாசனத்துக்கும் தொழிலுக்கும் உரியது ‘இ’. பயனைக் கொண்டு தரத்தை வகுக்கும் இம்முறை ஃபிக்ஹு கற்றவருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் உயிர்களுக்கென ஒதுக்கிய ‘டி’ பிரிவு கேட்பவை மூன்றே: பி.எச். 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமை, நஞ்சு வடிவ அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை. பூச்சிக்கொல்லி, உலோகம், வண்டல், நீரின் அளவு ஆகியவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஐரோப்பிய உள்நாட்டு மீன்வள ஆலோசனைக் குழு 1970இல் பரிந்துரைத்த அம்மோனியா எல்லையோ 0.025 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையே ஐம்பது மடங்கு வேறுபாடு! ஐரோப்பியக் கணக்கு குளிர்நீர் மீன்களைக் கருதியது, நம் கெண்டைகள் சற்றே வலியவை என்று சமாதானம் கூறலாம். ஐம்பது மடங்கு வலியவை என்று எவரும் கூறார். மீன்களுக்கெனப் பெயரிட்டு வைத்த பிரிவு மீன்களைக் காப்பதற்குப் போதுமானதன்று என்பதே என் கருத்து.

கல்லடியில் வாழ்வோர்

வேதியியல் அளவீடுகள் யாவும் அந்த நொடியின் செய்தியை மட்டுமே தரும். நள்ளிரவில் தொட்டிக் கழிவை ஆற்றில் கொட்டிவிட்டுச் சென்ற வண்டியைக் காலை பத்து மணிக்கு எடுத்த புட்டி அறியாது. ஆயினும் அதை அறிந்த சாட்சிகள் ஆற்றின் அடியிலேயே உள்ளனர்.

சாட்சி என்றவுடன் மீனை நினைப்பது இயல்பு. எனினும் மீன் மிகச் சிறந்த சாட்சியன்று. நீர் கெட்டால் அது நீந்திச் சென்றுவிடும். மேலும் சில மீன்கள் எதையும் தாங்கும். விராலும் தேளியும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்க வல்லவை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஜிலேபிக் கெண்டை, பிற மீன்கள் மூச்சு முட்டிச் சாகும் நீரிலும் பெருகும். பாலத்தின் மீது நின்று ‘மீன் நிறைய இருக்கிறதே’ என்று மகிழ்வோர் அது எந்த மீன் என்றும் பார்க்க வேண்டும். பொதிகை ஓடைகளுக்கே உரியதாய், 1954இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டு, இவ்வாற்றின் பெயரையே தன் அறிவியற் பெயரிற் தாங்கிய சிறு கெண்டை ஒன்று உண்டு. அத்தகைய மீன் இருப்பதற்கும் ஜிலேபி இருப்பதற்கும் பொருள் வேறு.

நம்பத்தகுந்த சாட்சிகள் கற்களின் அடியில் ஒட்டி வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள். மே பூச்சி, கல் பூச்சி, கேடிஸ் பூச்சி, தட்டாம்பூச்சி ஆகியவற்றின் இளம்பருவம் முழுவதும் நீருக்குள் கழிகிறது. மே பூச்சிக்குச் சிறகு முளைத்தபின் வாழ்வு ஓரிரு நாள். அதற்கு முன் நீரில் பல மாதம். கல் பூச்சியின் பெரிய இனங்கள் ஓராண்டுக்கு மேலும் நீரிலேயே வளர்கின்றன. அவை ஓடிப்போகும் ஆற்றலற்றவை. எனவே ஒரு கல்லைப் புரட்டி அதனடியில் முதிர்ந்த கல் பூச்சிக் குஞ்சு ஒன்றைக் கண்டால், பல மாதங்களாக அவ்விடத்தில் ஒருநாளேனும் மூச்சுத் திணறும் நிலை வரவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கெட்ட நீருக்கும் குடிமக்கள் உண்டு. கைரோனோமிட் என்னும் ஒருவகைக் கொசுப்போலிப் பூச்சியின் செம்புழு, நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினைப் போன்ற ஒன்றைத் தன்னுள் கொண்டிருப்பதால் ஆக்ஸிஜன் அருகிய சேற்றிலும் வாழும். அதன் சிவப்பு அதனால் வந்ததே. டியூபிஃபெக்ஸ் புழுக்கள் தலையைச் சேற்றில் புதைத்து வாலை நீரில் ஆட்டிக்கொண்டிருக்கும். எலிவால் புழு நீண்ட குழலை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்றை இழுக்கும். கல்லின்மீது பஞ்சுபோல் படியும் சாம்பல்நிறப் படலம் கழிவுநீரின் அறிவிப்புப் பலகை. இத்தகைய உயிர்களைத் தூய்மையின் படிநிலைகளோடு பொருத்தி முதலில் முறையாக வகுத்தவர்கள் ஜெர்மானியரான கோல்க்விட்ஸும் மார்ஸனும். அவர்களின் பட்டியல்கள் 1908, 1909ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

இதனை எண்ணாக்கிய முறைகளுள் பரவலானது, பிரிட்டனில் 1976இல் அமைந்த ஆய்வுக் குழு உருவாக்கிய மதிப்பெண் பட்டியல். மாசைச் சற்றும் தாங்காத குடும்பங்களுக்கு 10, எதையும் தாங்கும் புழுக்களுக்கு 1. கண்டெடுத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டிக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். எத்தனை உயிர் என்பது கணக்கில்லை; எத்தனை குடும்பம் என்பதே கணக்கு. விளக்கத்துக்காக இரண்டு கற்பனை இடங்களைக் கொள்வோம். மலையடி ஓடை ஒன்றில் தட்டையுடல் மே பூச்சி 10, லெப்டோஃபிளெபிடே என்னும் மற்றொரு மே பூச்சிக் குடும்பம் 10, பெர்லிடே என்னும் கல் பூச்சி 10, மணலில் புதையும் கோம்ஃபிடே தட்டாம்பூச்சி 8, வலைபின்னும் கேடிஸ் 5, கருப்பு ஈயின் புழு 5, பீட்டிடே என்னும் மே பூச்சி 4, செம்புழு 2 ஆகிய எட்டுக் குடும்பங்கள் கிடைத்தால் கூட்டுத்தொகை 54, சராசரி 6.75. சாக்கடை கலந்த கால்வாயில் நத்தை 3, அட்டை 3, செம்புழு 2, சேற்றுப்புழு 1 என நான்கே கிடைத்தால் கூட்டுத்தொகை 9, சராசரி 2.25. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே ஆற்றின் கதை.

மேற்கண்ட பட்டியலில் மே பூச்சிகளுள்ளேயே இரண்டு குடும்பங்கள் 10 பெற, பீட்டிடே மட்டும் 4 பெற்றதைக் கவனிக்க. மிதமான மாசை அது தாங்கிக்கொள்ளும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஆராயும் ஜர்ஹு தஃதீல் முறையை அறிந்தோருக்கு இது எளிதில் விளங்கும்: நல்ல குலத்தவர் என்பதனால் மட்டும் ஒருவரின் சாட்சியம் முழு எடை பெறுவதில்லை. அதேபோல் மலையோடைப் பட்டியலிலும் செம்புழு இடம்பெற்றிருக்கிறது. செம்புழு இருப்பது மாசுக்குச் சான்றன்று. செம்புழு மட்டுமே இருப்பதுதான் சான்று.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பிரிட்டிஷ் ஓடைகளுக்கென வகுத்த பட்டியலை நம் ஆறுகளுக்கு எழுத்துப் பிசகாமல் பொருத்தினால் நம் நாட்டுக் குடும்பங்கள் சில மதிப்பெண்ணின்றி நிற்கும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கல்லும் குளிர்ச்சியும் விரும்பும் கல் பூச்சி, சேறும் மணலுமான திருவைகுண்டத்துச் சமவெளியில் மாசே இல்லாத காலத்திலும் வாழ்ந்திருக்காது. பாபநாசத்தின் எண்ணைக் கொண்டு திருவைகுண்டத்தை இகழ்வது நீதியன்று. ஒவ்வோர் இடத்தையும் அதுபோன்ற மண்ணும் ஓட்டமும் கொண்ட, மாசு குறைந்த மற்றோர் இடத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பாசியாலும் மண்ணாலும் நேர்ந்த மாற்றத்தைக் குற்றக் கணக்கிலிருந்து நீக்கிய ஃபகீஹ்களின் நுட்பம் இங்கும் வேண்டப்படுகிறது. மத்திய வாரியமும் அடிவாழ் உயிர்களை வைத்து, 0 முதல் 10 வரை தாங்குதிறன் மதிப்பெண்ணும், 0 முதல் 1 வரை பன்மை மதிப்பெண்ணும் கொண்ட தனி அளவுகோலை வகுத்துள்ளது. வகுத்ததோடு சரி, நாளிதழ்களில் வெளியாகும் நீர்த்தரச் செய்திகளில் அவ்வெண்கள் கண்ணிற் படுவது அரிது.

நீர் நல்லதாயினும்

நீர் வேதியியல் முறையில் குற்றமற்றதாக இருந்தும் ஆறு உயிரற்றுப் போகலாம். மணலை அள்ளிவிட்டால் மணலிடுக்கில் வாழ்வோர்க்கும், மணற்பரப்பில் முட்டையிடுவோர்க்கும் வீடில்லை. இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் மதுரைக் கிளை, தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது. அத்தடையின் பயனை நிலத்தடி நீர்மட்டத்தில் மட்டுமன்றி அடிவாழ் உயிர்களின் கணக்கிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

அணைக்கட்டுகள் மற்றொரு தடை. கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றின் குறுக்கே நிற்கின்றன. வயலுக்கு அவை உயிர். விலாங்கு மீனுக்கோ? அது கடலிற் பிறந்து, குஞ்சாக ஆறேறி, நன்னீரில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்குக் கடலுக்கே மீள்வது. பெரிய நன்னீர் இறாலோ மறுதலையாக, முட்டை பொரிக்க உவர்நீர்க் கழிமுகத்துக்கு இறங்கிச் சென்று, அதன் குஞ்சுகள் மேலேறி வர வேண்டும். மேலே பாபநாசத்து நீர் எவ்வளவு தூயதாயினும், கழிமுகத்துக்கும் மலைக்கும் இடையில் எட்டுச் சுவர்கள் நிற்கும்போது இவ்விரண்டின் வழியும் அடைபடுகிறது. ஆக்ஸிஜன் அளவி இதனைக் காட்டாது. மருதூரிலும் திருவைகுண்டத்திலும் கோடையில் அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் நீரின் அளவே இதற்குரிய அளவுகோல்; அந்நீர் நின்றுபோனால் கடைசிப் பகுதி ஆறாக இராது, கடல்நீர் ஏறிநிற்கும் காயலாகிவிடும்.

கரைமரங்களின் நிழல், கரையின் சரிவு, ஆகாயத்தாமரையின் பரவல் ஆகியவற்றையும் ஆய்வாளர் குறித்துக்கொள்வர். அவற்றைக் கண்ணாலேயே மதிப்பிடலாம்.

இவ்வாய்வுக்கு ஆகும் செலவு சிறிது. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கி, எரிசாராயப் புட்டி ஆகியவை போதும். வலையை ஓட்டத்துக்கு எதிராக ஊன்றி, அதற்கு முன்னே மூன்று நிமிடம் கற்களைக் காலால் கிளறினால், ஒட்டியிருந்தவை பெயர்ந்து வலைக்குள் வந்து சேரும். காரையாற்றுக்கு மேல் ஓரிடம், அம்பாசமுத்திரத்தருகே ஒன்று, நகருக்குச் சற்று முன் ஒன்று, நகருக்குக் கீழே சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு, மருதூருக்குக் கீழே ஒன்று என ஆறு இடங்கள் தேர்ந்துகொள்ளலாம். அணைக்கு மேலுள்ள பகுதி புலிகள் காப்பகத்துக்குள் அமைவதால் வனத்துறையின் அனுமதி வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்து முடிக்கத்தக்க பணியே இது.

பருவத்தைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும். பெருவெள்ளம் ஆற்றின் அடித்தளத்தையே துடைத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானபோது தாமிரபரணி கரைபுரண்டதை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வெள்ளத்துக்கு அடுத்த வாரம் வலையிட்டு ஒன்றும் கிடைக்கவில்லையெனில் அது மாசின் குறியன்று. மேலோடைகளிலிருந்து மிதந்து வந்தும், பறந்து வந்து முட்டையிட்டும் சிற்றுயிர்கள் மீண்டும் குடியேறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓட்டம் நிலைப்பட்ட மாசி மாதத்தில் ஒருமுறையும், நீர் சுருங்கி வெப்பம் மிகும் சித்திரையில் ஒருமுறையும் பார்ப்பது பொருத்தம். சித்திரையில் செல்வோர் ஆக்ஸிஜன் புட்டியைச் சூரிய உதயத்துக்கு முன்பே நிரப்பிவிட வேண்டும்.